அம்மாவின் கண்ணுக்கு 45 மதிப்பெண்

நவம்பரில் தில்லியில் கண் மருத்துவமனைக்குப் போவதாக இருந்தால் காலையிலேயே போய்விடுங்கள். புகைமூட்டக் காலத்தில் பாதி ஊர் கண்ணைக் கசக்கிக்கொண்டு அங்கேதான் உட்கார்ந்திருக்கும். ராமகிருஷ்ணபுரத்தில் இருக்கும் என் அம்மாவுக்கு வெகுநாளாகக் கண் உறுத்தல். போனில் கேட்டால் "தூசிதான், வேறொன்றுமில்லை" என்பார். இந்த முறை டொரண்டோவிலிருந்து வந்ததும் தனியார் மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்துப்போனேன்.

பதிவு, டோக்கன், பணம் கட்டுவது எல்லாம் வேகம்தான். கோளாறு அடுத்த மேசையில். ஆங்கிலத்தில் அச்சடித்த தாளை என்னிடம் நீட்டி, "அம்மாவுக்காக நீங்களே டிக் போட்டுவிடுங்கள்" என்று இந்தியில் சொன்னார் அங்கிருந்தவர். அது ஓஎஸ்டிஐ என்ற வினாத்தாள். கண் வறட்சி ஒருவருடைய அன்றாட வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது என்று அளப்பதற்காக உருவானது. கடந்த ஒரு வாரத்தைப் பற்றி 12 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண்; கூடக்கூடச் சிரமம் அதிகம் என்று பொருள். கண்ணுக்குச் சொந்தக்காரர் சொல்ல வேண்டியதை, எப்போதோ வந்துபோகும் மகள் எழுதினால் அதற்கு என்ன மதிப்பு? நான் எழுதியிருந்தால் எல்லாவற்றுக்கும் ஒன்று போட்டிருப்பேன்.

நல்லவேளையாகப் பரிசோதனை அறையில் இருந்த பெண் சேலத்துக்காரர். தாளை வாங்கிக்கொண்டு அம்மாவிடமே தமிழில் கேட்டார்.

"டிவி பார்க்கச் சிரமமாக இருக்கிறதா அம்மா?"

"இல்லையே."

"கண்ணைத் திறந்து பார்க்கிறீர்களா, கேட்டுக்கொண்டு இருக்கிறீர்களா?"

அம்மா சிரித்துவிட்டார். மாதக்கணக்கில் சீரியல்களைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுத்தான் வருகிறாராம். காற்றைப் பற்றிய கேள்வி வந்தபோது இன்னொன்றும் வெளிவந்தது: மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போவதை நிறுத்தியதற்கு முழங்கால் காரணமில்லை, ஆட்டோவில் முகத்தில் அடிக்கும் காற்றுதான். செய்வதையே விட்டுவிட்டவருக்குச் சிரமம் தெரியாது. வெறுமனே டிக் வாங்கினால் மதிப்பெண் குறைந்து, நோய் லேசானதாகத் தோன்றும்.

இரவில் வண்டி ஓட்டுவது, கணினி அல்லது ஏடிஎம்மில் வேலை செய்வது என்ற இரண்டும் அம்மாவுக்குப் பொருந்தாதவை. அவற்றை விட்டுவிட்டுக் கணக்குப் போடலாம். மொத்தத்தை 25ஆல் பெருக்கி, பதில் சொன்ன கேள்விகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். அம்மாவுக்கு 10 கேள்விகளில் 18; ஆக 45. 12 வரை இயல்பு, 33உம் அதற்கு மேலும் கடுமை.

அதன்பிறகு கண்ணீர் எவ்வளவு சுரக்கிறது என்று பார்க்க, இமைக்குள் காகிதப் பட்டையைச் செருகி 5 நிமிடம் வைக்கும் ஷிர்மர் பரிசோதனை. 12 மில்லிமீட்டர் நனைந்தது; அது இயல்பான அளவுதான். அதை மட்டும் பார்த்தால் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். ஆனால் மஞ்சள் சாயம் விட்டுப் பார்த்ததில் கண்ணீர்ப் படலம் நான்கே விநாடியில் உடைந்துவிட்டது. 10 விநாடியாவது தாங்க வேண்டும். இமை ஓரத்து எண்ணெய்ச் சுரப்பிகள் அடைத்திருப்பதால் கண்ணீர் சுரந்தும் நிற்காமல் ஆவியாகிவிடுகிறது என்றார் மருத்துவர். வெந்நீர் ஒத்தடம், கெடாமல் காக்கும் ரசாயனம் கலக்காத சொட்டு மருந்து, இமையைச் சுத்தம் செய்யும் முறை ஆகியவற்றை எழுதித் தந்தார். அவரும் முதலில் புரட்டிப் பார்த்தது அந்த 45ஐத்தான். சோதனை அளவும் நோயாளி படும் பாடும் இந்த நோயில் பல நேரம் ஒத்துப்போவதில்லையாம்.

"கண் காய்வதெல்லாம் ஒரு வியாதியா?" என்றார் சித்தப்பா. 2003இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கடுமையான கண் வறட்சி உள்ளவர்கள் தங்கள் வாழ்க்கைக்குக் கொடுத்த மதிப்பு, மிதமானது முதல் கடுமையானது வரையிலான, இதய நோயால் வரும் நெஞ்சுவலி உள்ளவர்கள் கொடுத்ததற்குச் சமமாக இருந்தது. சொன்னேன், அவர் நம்பவில்லை.

வினாத்தாளில் எனக்கும் ஒரு மனக்குறை உண்டு. ஏடிஎம் இருக்கிறது, அடுப்படிப் புகை இல்லை; ஊசியில் நூல் கோப்பது இல்லை. மேசையில் தமிழிலும் பெரிய எழுத்தில் ஒரு பிரதி வைக்கும்படி ஆலோசனைப் பெட்டியில் எழுதிப் போட்டேன்.

மறுபரிசோதனைக்குப் பக்கத்து வீட்டு மாமி கூடப் போவார். தாளை அவர் கையில் நீட்டினால் வாங்க வேண்டாம், சேலத்துப் பெண்ணைக் கூப்பிடச் சொல்லுங்கள் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.