ஹோஸ்டிங், அலுவலக மெயில், மொத்த மெயில்: நான்கு வருடம் ஓட்டிப் பார்த்தபின்

சிறு நிறுவனங்களுக்கு ஹோஸ்டிங் விற்பவர்கள் முதலில் நீட்டுவது ஒரே பேக்கேஜைத்தான். டொமைன், தளத்துக்கு இடம், எத்தனை வேண்டுமானாலும் மெயில் ஐடி, எல்லாம் சேர்த்து வருடத்துக்கு ஒரு தொகை. தளம் புதிதாக, வருகிறவர்கள் கொஞ்சமாக இருக்கும்வரை அது ஓடும். இரண்டாம் வருடத்தில்தான் குறைகள் தெரியவரும். அனுப்பிய குவட்டேஷன் ஸ்பாமில் கிடந்தது என்று வாடிக்கையாளர் சொல்வார். தீபாவளி ஆஃபர் மெயில் போன அரைமணி நேரத்தில் தளம் படுத்துவிடும்.

இங்கே சொல்லப்படுவது நான்கு வருடமாக ஓடும் ஒரு அமைப்பைப் பற்றி. வேர்ட்பிரஸ் தளம், பல தளங்கள் ஒரே சர்வரைப் பகிரும் ஷேர்டு ஹோஸ்டிங்கில்; அதை நிர்வகிக்கும் திரை சிபேனல். ஊழியர்களின் மெயில் ஜோஹோ மெயிலில். வாடிக்கையாளர்களுக்கு மொத்தமாகப் போகும் மெயில், அமேசானின் மெயில் அனுப்பும் சேவையான எஸ்இஎஸ் வழியாக. டொமைன் இவை எதிலும் சேராமல் தனியாக ஒரு ரெஜிஸ்ட்ராரிடம் (டொமைன் பதிவு செய்துதரும் நிறுவனம்). பத்துப் பதினைந்து ஊழியர், பன்னிரண்டாயிரம் வாடிக்கையாளர் முகவரி என்ற அளவுள்ள ஜவுளிக்கடைக்கோ அச்சகத்துக்கோ இது பொருந்தும். ஒரே இடத்தில் எல்லாம் இருப்பதைவிட இப்படிப் பிரித்து வைப்பது நல்லது என்பதில் இப்போது சந்தேகமே இல்லை. ஆனால் பிரித்து வைத்தால் அவற்றுக்கு இடையே உள்ள இணைப்புகளைச் சரியாகப் போடத் தெரிந்திருக்க வேண்டும். பிரச்சினைகளில் பெரும்பாலானவை அங்கேதான் பிறக்கின்றன.

ஷேர்டு ஹோஸ்டிங்கின் உண்மையான எல்லை

"அன்லிமிடெட்" என்று போட்டிருக்கும் பிளானில் ஜிபி கணக்கைப் பார்த்துப் பயனில்லை. பார்க்க வேண்டியவை இரண்டு: ஐநோடு எண்ணிக்கை, என்ட்ரி புராசஸ் எண்ணிக்கை. சிபேனலின் வலது ஓரத்தில் இரண்டும் தெரியும்.

ஐநோடு என்பது ஏறக்குறைய கோப்புகளின் எண்ணிக்கை. ஒரு வேர்ட்பிரஸ் தளமும் அதன் பிளகின்களும் சில பத்தாயிரம் கோப்புகளைப் பிடிக்கும். அதே கணக்கில் மெயிலையும் வைத்திருந்தால் ஒவ்வொரு மெயிலும் ஒரு தனிக் கோப்பு. பத்து ஊழியர்கள் ஆளுக்கு இருபதாயிரம் மெயில் சேர்த்து வைத்தால் அதுவே இரண்டு லட்சம். இடம் தாராளமாக இருக்கும்போதே கணக்கு நிரம்பிவிடும். பல நிறுவனங்கள் குறிப்பிட்ட ஐநோடு எண்ணிக்கையைத் தாண்டிய கணக்குகளைத் தானியங்கி பேக்கப்பிலிருந்து விலக்கிவிடுகின்றன. அந்த விதி சேவை நிபந்தனைகளின் ஒரு மூலையில் இருக்கும். பேக்கப் தேவைப்படும் நாளில்தான் பலருக்கு அது தெரியவருகிறது. மெயிலை வெளியே எடுத்தாலே இந்தத் தொல்லை போய்விடும். பேக்கப்பை ஹோஸ்டிங்காரரை நம்பி விடாமல் வாரம் ஒருமுறை வெளி இடத்துக்கு அனுப்புவதும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை ஒரு சப்டொமைனில் விரித்துப் பார்ப்பதும் அவசியம். விரித்துப் பார்க்காத பேக்கப்பை இருப்பதாகவே எண்ணக்கூடாது.

என்ட்ரி புராசஸ் என்பது ஒரே நேரத்தில் எத்தனை பிஎச்பி (வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட நிரல்மொழி) கோரிக்கைகள் உள்ளே இருக்கலாம் என்ற எண். கிளவுட்லினக்ஸ் (ஒவ்வொரு கணக்குக்கும் எல்லை வைக்கும் ஆபரேட்டிங் சிஸ்டம்) போட்ட சர்வர்களில் 20 என்பது பரவலான அளவு. தாண்டினால் வருகிறவருக்கு 508 பிழை. சாதாரண நாளில் இது எட்டாது. மொத்த மெயில் போகும் நாளில் எட்டும், அதற்கு ஒரு நுட்பமான காரணம் உண்டு. கேஷ் பிளகின் சேமித்து வைத்த பக்கத்தைக் கொடுத்தால் பிஎச்பி ஓடவே தேவையில்லை. ஆனால் மெயில் சேவைகள் பல, ஒவ்வொரு பெறுநருக்கும் ஒரு தனி அடையாளக் குறியை இணைப்பின் வாலில் ஒட்டிவிடும். கேஷ் பிளகின் அதைப் புதிய முகவரி என்று எடுத்துக்கொள்ளும். ஆயிரம் பேர் அழுத்தினால் ஆயிரம் வேறு பக்கங்கள், ஆயிரம் முறை டேட்டாபேஸ். லைட்ஸ்பீட் கேஷ் என்ற பிளகினில் "டிராப் குவரி ஸ்டிரிங்" என்ற பெட்டி இருக்கிறது. மெயில் சேவை ஒட்டும் குறியின் பெயரை அதில் சேர்த்தால் பிரச்சினை தீரும். அதோடு வேர்ட்பிரஸின் உள் கிரானை (குறித்த நேரத்து வேலைகளை ஓட்டும் வசதி) நிறுத்திவிட்டு, சிபேனலில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் கிரான் ஒன்றைப் போட்டுவிட்டால் இன்னும் கொஞ்சம் மூச்சுவிடலாம். இவ்வளவும் செய்தபின் பன்னிரண்டாயிரம் மெயிலை ஒரே மூச்சில் தள்ளாமல் இரண்டு மூன்று மணி நேரத்தில் பரப்பி அனுப்பினால், இந்த அளவுக்கு விபிஎஸ் (நமக்கென்று ஒதுக்கிய மெய்நிகர் சர்வர்) தேவைப்படாது.

தளத்தின் பூட்டுக் குறிக்கான எஸ்எஸ்எல் சான்றிதழ் பற்றி ஒரு வார்த்தை. லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு தரும் சான்றிதழ் 90 நாளுக்கானது, தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். பழைய சப்டொமைன் ஏதாவது வேறு சர்வரைக் காட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பெயருக்குப் புதுப்பித்தல் தோற்கும். காலாவதி எச்சரிக்கை மெயில் அனுப்புவதை லெட்ஸ் என்கிரிப்ட் 2025-இல் நிறுத்திவிட்டதால், வெளியிலிருந்து கவனிக்கும் கருவி ஒன்றைப் போட்டுக்கொள்வது நல்லது.

ஜோஹோ மெயிலும் ஒரு பெட்டியைக் கிளிக் செய்யாத பிழையும்

ஜோஹோ சென்னையைத் தலைமையகமாகக் கொண்ட நிறுவனம் என்பதால் ரூபாயில் பில், ஜிஎஸ்டி இன்வாய்ஸ் இரண்டும் சிக்கலில்லாமல் வருகின்றன. இலவசப் பிளானில் ஐமேப் கிடையாது, அவுட்லுக்கில் பார்க்க முடியாது. அலுவலகத்துக்குக் கட்டணப் பிளான்தான். வெளிநாட்டு வழிகாட்டிகளைப் பார்த்து எம்எக்ஸ் ரெக்கார்டு (டொமைனின் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் குறிப்பு) போடுகிறவர்கள் ஒரு தவறு செய்கிறார்கள். இந்தியாவில் திறந்த கணக்கு டாட் இன் சர்வர்களில் இருக்கும். எம்எக்ஸில் டாட் காம் முகவரியைப் போட்டால் மெயில் வந்து சேராது. கணக்கின் அட்மின் பக்கம் காட்டும் மூன்று எம்எக்ஸ்களை 10, 20, 50 என்ற முன்னுரிமையோடு அப்படியே போட வேண்டும்.

பிரித்து வைக்கும் அமைப்பில் அதிகம் பேரை அலைக்கழிப்பது சிபேனலின் "ஈமெயில் ரவுட்டிங்". வெளியிலிருந்து வரும் மெயிலெல்லாம் ஒழுங்காக வரும். ஆனால் தளத்தின் காண்டாக்ட் ஃபார்மிலிருந்து வர வேண்டிய விசாரணைகள் மட்டும் வராது. பிழைச் செய்தியும் இருக்காது. காரணம் இதுதான்: ஹோஸ்டிங் சர்வர் இந்த டொமைனின் மெயில் பெட்டிகள் இன்னும் தன்னிடமே இருப்பதாக நினைக்கிறது. எம்எக்ஸைப் பார்க்காமலே மெயிலைத் தன்னுள்ளேயே இருக்கும் பழைய பெட்டியில் போட்டுவிடுகிறது. அந்தப் பக்கத்தில் "லோக்கல்" என்று இருப்பதை "ரிமோட் மெயில் எக்ஸ்சேஞ்சர்" என்று மாற்றினால் அந்த நிமிடமே சரியாகும். மாற்றும் முன்பு பழைய பெட்டியைத் திறந்து பார்த்துவிடுங்கள். வராமல் போன ஆர்டர்கள் அங்கே அடுக்கடுக்காக இருக்கும்.

காண்டாக்ட் ஃபார்ம் மெயிலைப் பிஎச்பியின் நேரடி மெயில் வழியாக அனுப்பவே கூடாது. ஷேர்டு சர்வரின் ஐபியை நூற்றுக்கணக்கான தளங்கள் பகிர்கின்றன. அவற்றில் ஒன்று ஹேக் ஆகி ஸ்பாம் கக்கினால் அந்த ஐபி ஸ்பாம்ஹவுஸ் தடைப்பட்டியலில் ஏறும், உங்கள் மெயிலும் 550 பிழையோடு திரும்பும். எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும் நெறிமுறை) பிளகின் ஒன்றைப் போட்டு 587 போர்ட்டில் வெளிச் சேவை வழியாக அனுப்புங்கள். அனுப்புநர் பெட்டியில் ஃபார்ம் நிரப்பியவரின் ஜிமெயில் முகவரியைப் போடக்கூடாது. அங்கே உங்கள் டொமைன் முகவரி, அவருடையது ரிப்ளை-டு பெட்டியில்.

எஸ்இஎஸ்: விலை குறைவு, வேலை அதிகம்

ஆயிரம் மெயிலுக்கு 0.10 டாலர். பன்னிரண்டாயிரம் பேருக்கு மாதம் நான்கு மெயில் என்றால் 48,000 மெயில், ஏறக்குறைய 4.80 டாலர். முகவரி எண்ணிக்கைக்குப் பணம் வாங்கும் சேவைகளோடு இதை ஒப்பிடவே முடியாது. அப்படி வாங்கும் மெயில்சிம்பில் அன்சப்ஸ்கிரைப் செய்தவர்களையும் ஆர்கைவ் செய்யாமல் விட்டால் அவர்களும் கட்டணக் கணக்கில் வருவார்கள். அனுப்பவே முடியாத முகவரிக்குக் காசு.

ஆனால் எஸ்இஎஸ் வெறும் குழாய். பட்டியலுக்கும் அன்சப்ஸ்கிரைப்புக்கும் அதில் இருக்கும் வசதிகள் நிரல் எழுதுகிறவர்களுக்கானவை, மெயிலை டிசைன் செய்யும் திரை இல்லை. மேலே ஒரு மென்பொருள் வேண்டும். சென்டி என்ற மென்பொருள் பிஎச்பியில் ஓடுவதால் ஷேர்டு ஹோஸ்டிங்கிலேயே நிறுவலாம், உரிமத்துக்கு ஒருமுறை பணம் கட்டினால் போதும். இந்தியாவில் உருவான ஓப்பன் சோர்ஸ் லிஸ்ட்மங்க் வேகத்தில் அதைவிட நன்றாக இருக்கிறது, ஆனால் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் தேவைப்படுவதால் விபிஎஸ் வேண்டும். ஊழியர்களில் யாருக்கும் டிஎன்எஸ் (டொமைனின் முகவரிக் குறிப்பேடு) பற்றித் தெரியாது என்றால் இந்த வழிக்கு வரவேண்டாம். ஜோஹோ கேம்பெயின்ஸ், பிரெவோ போன்ற ஆயத்தச் சேவை போதும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எஸ்இஎஸ்ஸில் புதுக் கணக்கு சாண்ட்பாக்ஸ் என்ற சோதனை நிலையில் இருக்கும்: 24 மணி நேரத்துக்கு 200 மெயில், அதுவும் சரிபார்த்த முகவரிகளுக்கு மட்டும். வெளியே வர விண்ணப்பிக்கும்போது பட்டியல் எப்படிச் சேர்ந்தது, பவுன்ஸை (சேராமல் திரும்பும் மெயில்) எப்படிக் கையாளுவீர்கள், அன்சப்ஸ்கிரைப் எங்கே இருக்கிறது என்று விவரமாக எழுத வேண்டும். ஒரு வரியில் எழுதினால் நிராகரிக்கக்கூடும்.

மெயில் உங்கள் டொமைனிலிருந்தே வந்தது என்று காட்டும் கையொப்பமான டிகிமுக்கு மூன்று சிநேம் ரெக்கார்டு (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குத் திருப்பும் குறிப்பு) கொடுப்பார்கள். சில டிஎன்எஸ் பேனல்கள் பெயரின் பின்னால் டொமைனைத் தாமே சேர்த்துவிடும். நீங்களும் சேர்த்து ஒட்டினால் டொமைன் இரண்டுமுறை வந்து சரிபார்ப்பு "பெண்டிங்" என்றே நிற்கும்.

எஸ்பிஎஃப் (டொமைன் பெயரில் எந்த சர்வர்கள் அனுப்பலாம் என்ற பட்டியல்) விஷயத்தில் பலரும் முக்கிய டொமைனின் ரெக்கார்டில் அமேசானைச் சேர்த்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அதனால் பயனில்லை. எஸ்பிஎஃப் பார்ப்பது மெயிலில் தெரியும் அனுப்புநரை அல்ல, கண்ணுக்குத் தெரியாத மெயில் உறையின் மேல் இருக்கும் திருப்பி அனுப்பும் முகவரியை. எஸ்இஎஸ்ஸில் அது அமேசானின் டொமைன். "கஸ்டம் மெயில் ஃப்ரம்" என்ற பகுதியில் உங்கள் சப்டொமைன் ஒன்றைக் கொடுத்து, அதற்கு ஒரு எம்எக்ஸும் ஒரு டிஎக்ஸ்டியும் (எழுத்துக் குறிப்பு) போட்டால்தான் டிமார்க் (இந்தச் சோதனைகளில் தோற்கும் மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் விதி) கணக்கில் எஸ்பிஎஃப் பொருந்தும். முக்கிய டொமைனில் எஸ்பிஎஃப் ரெக்கார்டு ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம். அதற்குள் நடக்கும் டிஎன்எஸ் தேடல்கள் 10-ஐத் தாண்டினால் ரெக்கார்டு முழுதும் செல்லாது. ஹோஸ்டிங், ஜோஹோ, சிஆர்எம் (வாடிக்கையாளர் விவர மென்பொருள்) என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போகிறவர்கள் இதில் மாட்டுகிறார்கள். பயன்படுத்தாததை நீக்கிவிடுங்கள்.

டிமார்க்கை முதலில் "நன்" (எதையும் தடுக்காதே) என்ற நிலையில் வைத்து அறிக்கைகளை ஒரு மாதமாவது பாருங்கள். அக்கவுண்ட்ஸ் மென்பொருள் இன்வாய்ஸை எந்த வழியாக அனுப்புகிறது என்பதெல்லாம் அந்த அறிக்கையில்தான் தெரியவரும். அதைச் சரிசெய்யாமல் "ரிஜெக்ட்" போட்டால் சொந்த இன்வாய்ஸே நின்றுபோகும்.

2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் மொத்தமாக அனுப்புகிறவர்களிடம் டிகிம், எஸ்பிஎஃப், டிமார்க் மூன்றையும் கட்டாயமாகக் கேட்கின்றன. 2025 மே மாதம் மைக்ரோசாஃப்டும் சேர்ந்துகொண்டது. ஜிமெயிலுக்கு ஒரே நாளில் 5,000 மெயில் என்ற எல்லையை ஒருமுறை தொட்டாலே நிரந்தரமாக மொத்த அனுப்புநர்தான், சப்டொமைன்களும் ஒரே கணக்கில் வரும். ஒரே கிளிக்கில் அன்சப்ஸ்கிரைப் ஆக வேண்டும், இரண்டு நாளுக்குள் அதை நிறைவேற்ற வேண்டும், ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தை எட்டவே கூடாது. ஜிமெயிலுக்கே போகும் பன்னிரண்டாயிரம் மெயிலில் 36 பேர் ஸ்பாம் பொத்தானை அழுத்தினால் அந்த எல்லை வந்துவிடும்.

எஸ்இஎஸ் இதைவிடக் கண்டிப்பு. பவுன்ஸ் 5 சதவீதத்தைத் தாண்டினால் கணக்கு கண்காணிப்பில், 10 தாண்டினால் அனுப்புவதையே நிறுத்திவைக்கலாம். பில் புத்தகத்திலிருந்தும் விசிட்டிங் கார்டிலிருந்தும் தட்டச்சு செய்த பழைய பட்டியலில் எழுத்துப்பிழையும் மூடிய கணக்குமாகப் பத்தில் ஒன்று செத்திருப்பது சாதாரணம். முழுப் பட்டியலை முதல் நாளே ஏற்றி அனுப்பினால் அன்றே கணக்கு போகக்கூடும். கடைசி ஆறு மாத வாடிக்கையாளர்களில் 500 பேரிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு முறையும் பவுன்ஸைப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். விலைக்கு வாங்கிய பட்டியலைத் தொடவே தொடாதீர்கள்.

ஓப்பன் ரேட்டை நம்பி முடிவெடுக்க வேண்டாம். 2021-இல் ஆப்பிள் மெயிலில் வந்த தனியுரிமை வசதி, படங்களை முன்கூட்டியே இறக்கிக்கொள்வதால் திறக்காத மெயிலும் திறந்ததாகக் காட்டும். கிளிக், பதில் மெயில், கடைக்கு வந்த போன், இவை மூன்றும் பரவாயில்லை.

தமிழில் அனுப்பும்போது

இதைப் பற்றி ஆங்கில வழிகாட்டிகள் பேசுவதில்லை. தலைப்பு வரியில் தமிழ் போனால் அது துண்டு துண்டாகக் குறியாக்கம் ஆகும். ஒரு துண்டு 75 எழுத்துக்கு மேல் போகாது. அதில் 45 பைட் தமிழ்தான் கொள்ளும். யூனிகோடு தமிழில் ஒரு குறிக்கு 3 பைட், ஆக 15 குறிகள். கொக்கியும் புள்ளியும் தனித்தனிக் குறிகள் என்பதால் "தமிழ்" என்ற சொல்லுக்கே 5 குறி. சரியாக எழுதப்படாத பழைய பிஎச்பி ஸ்கிரிப்டுகள் குறியின் நடுவில் வெட்டிவிடும். பெறுபவருக்கு வரியின் பாதியில் கேள்விக்குறி போட்ட வைரக்கட்டம் தெரியும். புது மென்பொருளில் தலைப்பு நீளமாக உள்ள சோதனை மெயில் ஒன்றை அனுப்பிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

உள்ளடக்கத்தில் 102 கேபி தாண்டினால் ஜிமெயில் மீதியை மறைத்துவிடும். தமிழுக்கு மும்மடங்கு பைட் என்பதாலும், வேர்டிலிருந்து ஒட்டும்போது குப்பை ஸ்டைல்கள் கூடவே வருவதாலும் அந்த எல்லை சீக்கிரம் வரும். மறைவது கடைசிப் பகுதி, அன்சப்ஸ்கிரைப் இணைப்பு இருப்பதும் அங்கேதான். அது கண்ணில் படாதவர் ஸ்பாம் பொத்தானை அழுத்துவார். பாமினி எழுத்துருவில் டைப் செய்த பழைய நோட்டீஸை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குழப்பமாகத்தான் போகும். யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஒட்ட வேண்டும்.

ரினீவல்

முதல் வருட விலையைப் பார்க்காமல் ரினீவல் விலையோடு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து மூன்று வருடக் கணக்கு போடுங்கள். 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் இ-மேண்டேட் (தானியங்கிக் கட்டண அனுமதி) விதி வந்தபின் வெளிநாட்டுச் சேவைகளுக்கு கார்டில் தானாகப் பணம் போவது பல நேரம் தவறுகிறது. 15,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஓடிபி இல்லாமல் போகவே போகாது. டொமைனை மட்டுமாவது ஐந்து வருடத்துக்குச் சேர்த்துக் கட்டிவிடலாம். ரெஜிஸ்ட்ரார் கணக்கில் கொடுக்கும் மெயில் அதே டொமைனில் இருக்கக்கூடாது. டொமைன் காலாவதியானால் அந்த மெயிலும் நின்றுவிடும், மீட்கும் ஓடிபியும் அதற்கேதான் போகும். முதலாளியின் பெயரில் ஒரு ஜிமெயில், முதலாளியின் பெயரில் டொமைன் பதிவு. தளம் செய்துகொடுத்தவரின் பெயரில் இருந்தால் இன்றே மாற்றிக்கொள்ளுங்கள்.