மூன்று நாள் நடைக்கு எந்த மின்சாரம்? சிப்பாயின் முதுகுச்சுமை பற்றி ஓர் ஒப்பீடு

காரைக்குடி வீடுகளில் இன்வெர்ட்டர் பேட்டரியை மாற்றும் நாளில் அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி அளவுள்ள அந்த ஈயப் பேட்டரி 50 கிலோவுக்கு மேல் எடை கொண்டது. அது தேக்கி வைப்பதோ 1.8 யூனிட் மின்சாரம்தான். வானொலிக் கருவி, இரவுப்பார்வைக் கருவி, ஜி.பி.எஸ். ஆகியவற்றுடன் நடக்கும் ஒரு சிப்பாய்க்குச் சராசரியாக 20 வாட் தேவை என்று வைத்துக்கொண்டால், 72 மணி நேரத்துக்கு 1,440 வாட்-மணி, அதாவது ஏறத்தாழ ஒன்றரை யூனிட் ஆகிறது. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கும் நகரத்தார் யாத்திரையில் சாமான்கள் வண்டியில் வந்து சேரும். ரோந்து செல்லும் சிப்பாய்க்குத் தன் முதுகே வண்டி. ஆகவே இங்கே எந்த ஏற்பாட்டையும் விலையால் அளப்பதற்கு முன் எடையால் அளக்க வேண்டியிருக்கிறது.

இந்தப் பேச்சு எங்கள் ஊருக்குப் புதிதன்று. அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்சம் ரூபாயிலும் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 1948-ஆம் ஆண்டு ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் அது திறக்கப்பட்டது. மின்கலம் என்ற சொல் பள்ளிப் பாடத்தோடு நின்றுவிடாத ஊர் இது.

முதலில் ஒப்பிட வேண்டியவை ஒருமுறை மட்டும் பயன்படும் லித்தியம் பேட்டரியும், மறுபடி சார்ஜ் செய்யக்கூடிய லித்தியம்-அயனி பேட்டரியும் ஆகும். அமெரிக்க ராணுவத்தின் பிஏ-5590 முதல் வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. லித்தியம்-கந்தக டை ஆக்சைடு வேதியியலில் இயங்கும் அதன் எடை சுமார் 1 கிலோ. அது தருவது தோராயமாக 180 வாட்-மணி. அதே வடிவில், அதே இணைப்பு முனையோடு வரும் பிபி-2590 லித்தியம்-அயனி வகையைச் சேர்ந்தது, சுமார் 1.4 கிலோ எடையுள்ள இதன் அண்மைக்காலத் தயாரிப்புகள் 290 வாட்-மணி வரை தருகின்றன. நம் மூன்று நாள் கணக்குக்கு முதல் வகையில் எட்டும், இரண்டாம் வகையில் ஐந்தும் வேண்டும். எடை முறையே 8 கிலோ, 7 கிலோ. ஒரு காலத்தில் தெளிவாக முன்னே நின்ற ஒருமுறைப் பேட்டரியை, சார்ஜ் செய்யும் பேட்டரி எடையிலேயே எட்டிப் பிடித்துவிட்டது என்பதே இந்த ஒப்பீட்டின் முக்கியமான செய்தி.

அப்படியானால் பழையதை ஒதுக்கிவிடலாமா என்றால், முடியாது. சியாச்சினில் வெப்பநிலை மைனஸ் 50 டிகிரிவரை இறங்கும். சாதாரண லித்தியம்-அயனிக் கலம் மைனஸ் 20 டிகிரியிலேயே தன் கொள்ளளவில் கணிசமான பங்கை இழக்கிறது. பூச்சியத்துக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்தால் லித்தியம் கலத்தின் எதிர்முனையான கிராஃபைட்டுக்குள் நுழையாமல் அதன் மேற்பரப்பில் உலோகமாகப் படிந்து, கலத்தைக் கெடுப்பதோடு உள்ளே குறுக்குச்சுற்று ஏற்படவும் வழி செய்கிறது. கந்தக டை ஆக்சைடு வகையோ மைனஸ் 40 டிகிரியிலும் உழைக்கும். பத்தாண்டு அளவுக்குக் கிடங்கில் கிடந்தாலும் பெரும்பாலான மின்சாரம் அதில் எஞ்சியிருக்கும். அதன் குறைகள் வேறு. சேதமடைந்தால் நச்சு வாயு வெளியேறும். மிச்சம் எவ்வளவு என்று உறுதியாகத் தெரியாததால், பாதி தீர்ந்த பேட்டரியை நம்பி அடுத்த ரோந்துக்குப் போக எவரும் துணிய மாட்டார்கள். அது குப்பைக்குப் போகும். 2003-இல் இராக் போரின்போது பிஏ-5590 கையிருப்பு வற்றி அமெரிக்கப் படை தவித்ததை நினைத்துப் பார்த்தால், ஒருமுறைப் பொருளை மட்டும் நம்புவதன் விலை விளங்கும்.

லித்தியம்-அயனியிலேயே இன்னொரு வகையான லித்தியம் இரும்பு பாஸ்பேட் தீப்பற்றும் அபாயம் குறைந்தது, ஆயிரக்கணக்கான முறை சார்ஜ் தாங்குவது; ஆனால் எடைக்கு ஏற்ற ஆற்றல் குறைவு. வாகனத்துக்கும் முகாமுக்கும் அதுவே ஏற்றது, தோளுக்கு அன்று. (அந்த வேதியியலுக்கு வழிவகுத்த சல்பேட் ஆய்வை 1980-களில், லித்தியம்-அயனி பேட்டரிக்காகப் பின்னர் நோபல் பெற்ற ஜான் குட்இனஃபுடன் செய்தவர் தமிழகத்தில் பிறந்த ஆறுமுகம் மந்திரம், 2019-இல் குட்இனஃபின் நோபல் உரையை ஸ்டாக்ஹோமில் நிகழ்த்தியவரும் அவரே.) துத்தநாக-காற்று பேட்டரி கிலோவுக்கு 300 வாட்-மணி அளவில் தந்து தாளில் எல்லாரையும் வெல்கிறது. ஆனால் அது காற்றை உள்ளிழுத்து வேலை செய்வது. உறையைப் பிரித்தபின், எங்கள் பக்கத்துச் சித்திரை வெயிலில் உள்ளிருக்கும் ஈரம் காய்ந்துவிடும். திடீரென்று அதிக மின்சாரம் கேட்டால் தராது. கடும் குளிரில் தளர்ந்துவிடும்.

எரிபொருளைத் தீயில் எரிக்காமல், காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரியவைத்து மின்சாரமாக்கும் எரிபொருள் மின்கலம் முற்றிலும் வேறு தர்க்கம் கொண்டது. பேட்டரி என்பது கட்டுச்சோறு. மெத்தனால் எரிபொருள் மின்கலம் என்பது அடுப்பையும் அரிசியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போவது. 25 வாட் தரும் சிறு கருவிக்கு 2 கிலோ, திடீர்த் தேவையைச் சமாளிக்கத் துணைப் பேட்டரி ஒன்றுக்கு 1.4 கிலோ. ஒரு லிட்டர் மெத்தனால் ஏறத்தாழ ஒரு யூனிட் மின்சாரம் தரும். ஒரு நாள் பயணத்துக்கு இந்த ஏற்பாடு, புட்டியையும் சேர்த்து, 4 கிலோ. லித்தியம்-அயனியில் இரண்டு பேட்டரி, 2.8 கிலோ போதும். மூன்று நாளுக்கு 5 கிலோவுக்கு எதிராக 7 கிலோ. பத்து நாளுக்கோ 8 கிலோவுக்கு எதிராக 24 கிலோ. இரண்டாம் நாளிலேயே தராசு மெத்தனால் பக்கம் சாய்கிறது.

இருந்தும் நான் அதைத் தனி ஒருவர் முதுகில் ஏற்றத் தயங்குவேன். வெளியேறும் நீராவி உறைபனியில் குழாயை அடைத்துவிடக்கூடும். கருவியின் வெப்பம் அகச்சிவப்புக் கருவிக்குத் தெரியும். உயரம் கூடக்கூட ஆக்சிஜன் மெலிகிறது. மெத்தனால் எத்தகைய நஞ்சு என்பதை 2024-இல் கள்ளக்குறிச்சியைப் பார்த்த நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. முகாமில் பூட்டி வைக்கலாம். களத்தில் பத்துப் பேர் பையில் பத்துப் புட்டி என்பது வேறு கதை.

மடிக்கும் சூரியத் தகட்டைப் பலர் புகழ்கிறார்கள். 60 வாட் தகடு எங்கள் செம்மண் வெயிலில் ஒரு நாளைக்கு 240 வாட்-மணி தந்தால் நன்று. ஒருவருக்கு வேண்டியதில் பாதி. அதுவும் ஓரிடத்தில் விரித்து வைத்தால்தான். நடப்பவருக்கும் மறைந்திருப்பவருக்கும் விரிப்பது எளிதன்று. ஐப்பசி, கார்த்திகை மூடலில் அந்தப் பாதியும் கிடைக்காது. சிறு பெட்ரோல் ஜெனரேட்டரின் ஓசை ஒன்றே அதை ரோந்திலிருந்து விலக்கிவிடும்.

ஆகவே என் தேர்வு ஒன்றாக இல்லை. இரண்டு நாள்வரை சமவெளியில் லித்தியம்-அயனி. பனிமலையில் ஒருமுறை லித்தியம் பேட்டரி. இருக்கும் லித்தியம்-அயனியைச் சட்டைக்குள் உடல்சூட்டில் வைத்திருப்பது. இரண்டு நாளுக்கு மேல் நீளும் பணிக்குப் பத்துப் பேர் கொண்ட பிரிவுக்கு நூறு வாட் வரிசையில் பெரிய எரிபொருள் மின்கலம் இரண்டு, பகலில் தங்கும் இடத்தில் விரிக்க இரண்டு சூரியத் தகடு, ஒவ்வொருவர் பையிலும் ஒரே வடிவப் பேட்டரி இரண்டு. வடிவம் ஒன்றாக இருப்பதை நான் வேதியியலுக்கு இணையாகவே மதிக்கிறேன்: 5590-க்குப் பதில் 2590-ஐ அதே பொந்தில் செருக முடிந்ததால்தான், வானொலியை மாற்றாமலேயே பேட்டரியை மட்டும் மாற்ற ஒரு படையால் முடிந்தது.