பேக்கிக்கு முன்பம்பர்: வாங்குவதா, பட்டறையில் செய்வதா, எந்த உலோகத்தில்?

காவடி முடிந்த வாரம் மச்சான் தன் டொயோட்டா ஹைலக்ஸை, இங்கே பேக்கி என்று சொல்லும் பிக்கப் வண்டியை, என் பட்டறை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். 2008 மாடல். இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில், ப்ராஸ்பெக்டன் தொழிற்சாலையில் செய்த வண்டி. கோக்ஸ்டாட் தாண்டி க்வாபாகா போகும் என்2 சாலையில், பொழுது சாய்கிற நேரத்தில் ஒரு பசு குறுக்கே வந்திருக்கிறது. அந்தப் பக்கம் சாலையோரம் வேலி இல்லாத இடங்கள் நிறைய. மாடும் ஆடும் தார்ச்சாலையிலேயே நிற்கும். மெதுவாக வந்ததால் ஆளுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் பிளாஸ்டிக் பம்பர் மூன்று துண்டாகிவிட்டது, ரேடியேட்டர் தாங்கி உள்ளே வளைந்துவிட்டது.

“மச்சான், இந்தத் தடவை இரும்புலயே ஒண்ணு செஞ்சு குடுங்க. வின்ச்சும் வைக்கணும். ஜூலைல சானி ஏறலாம்னு இருக்கோம்” என்றார். வின்ச் என்பது சிக்கிய வண்டியை இழுக்கும் மோட்டார் கயிற்றுச் சுருள். சானி, லெசோத்தோவுக்கு ஏறும் கரடுமுரடான மலைப்பாதை.

திருச்சி துவாக்குடிப் பக்கம் பாய்லர் பாகம் செய்யும் பட்டறைகளில் வெல்டிங் கற்றவன் நான். இங்கே ஜேக்கப்ஸில் அதே வேலைக்குப் பாய்லர்மேக்கர் என்று பெயர். பம்பர் கேட்டு வருகிற எல்லோரும் முதலில் கேட்பது “எத்தனை மில்லி தகடு?” என்றுதான். எங்கே போல்ட் ஆகப்போகிறது என்று யாரும் கேட்பதில்லை. என் அனுபவத்தில் பம்பரின் உயிர் அந்தப் பின்பக்க பிராக்கெட்டில்தான் இருக்கிறது. முன்னால் தெரியும் தகடு வெறும் தோல். தோல் மெல்லியதாக இருக்கலாம், எலும்பு மெல்லியதாக இருக்கக் கூடாது. மச்சானுக்கு முன்னால் இருந்த வழிகளை இந்த அளவுகோலை வைத்துத்தான் ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

முதல் வழி, கடையில் ரெடிமேடாக வாங்குவது. ஆஸ்திரேலியாவின் ஏ.ஆர்.பி. போன்றவர்கள் ஒவ்வொரு வண்டி மாடலுக்கும் தனியாக வடிவமைத்து, ஏர்பேக்கோடு ஒத்துப்போகிறதா என்று சோதித்து விற்கிறார்கள். அந்தச் சோதனைக்குக் கொடுக்கிற காசு வீண் இல்லை. ஏர்பேக் எப்போது விரிய வேண்டும் என்பதை வண்டியின் வேகம் எவ்வளவு சட்டென்று குறைகிறது என்பதை வைத்துத்தான் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. முன்னால் நசுங்க வேண்டிய பாகத்தை எடுத்துவிட்டு நசுங்காத இரும்பை நேராகச் சேசிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) இறுக்கினால் அந்தக் கணக்கு மாறிவிடும். சின்ன இடிக்கே விரியலாம், விரிய வேண்டிய நேரத்தில் தாமதமாகலாம். அதை இடிக்காமல் சோதித்துப் பார்க்கவும் முடியாது. எந்தப் பட்டறையிலும் அதற்கு வசதி இல்லை.

ஆகவே கிரில்லுக்குப் பின்னால் ரேடார், பம்பரில் பார்க்கிங் சென்சார் என்று வருகிற புது வண்டிகளுக்கு நான் பம்பர் செய்வதில்லை. சில மாதம் முன்னால் புது ஃபோர்டு ரேஞ்சர் பேக்கியோடு வந்த ஒரு தம்பியைத் திருப்பி அனுப்பினேன். வருமானம் போனதுதான். ஆனால் ரேடார் முன்னால் நான் ஒரு தகடு வைத்து, அவசர பிரேக் தப்பாக வேலை செய்து, பின்னால் அவர் குழந்தை உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும்? அப்படிப்பட்ட வண்டிக்கு அந்த மாடலுக்கென்றே சோதித்து வந்த பம்பரை வாங்குங்கள். விலை அதிகம்தான், கப்பலில் வர நாளும் ஆகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மச்சான் வண்டியில் ரேடார் இல்லை. ஏர்பேக் மட்டும் உண்டு, அதன் சென்சார் இருக்கும் இடத்தைத் தொடாமல் வேலை செய்யலாம். செய்யலாம் என்று ஒத்துக்கொண்டது அதனால்தான். அப்போதும் முன்பக்கம் முன்னைவிட விறைப்பாக ஆகிறது என்பதை அவருக்கு உட்காரவைத்துச் சொன்னேன். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிக்கவும் சொன்னேன்.

அடுத்தது குழாய் பம்பர். இதைப் பற்றி நீட்ட எதுவும் இல்லை. 60.3 மி.மீ. வெளிவிட்டம், 3 மி.மீ. தடிமன் உள்ள குழாய் ஒரு மீட்டர் 4.2 கிலோ. 5 மீட்டர் போட்டாலும் 21 கிலோதான். காற்று தடையில்லாமல் ரேடியேட்டருக்குப் போகும், புதரும் கிளையும் ஒதுங்கும். வின்ச் வேண்டாம் என்பவர்களுக்கு நல்ல தேர்வு. வின்ச் உட்கார எப்படியும் தகட்டில் ஒரு தொட்டில் கட்ட வேண்டும். அதைக் குழாய்களுக்கு நடுவே நுழைத்தால் இரண்டும் கெட்டான் ஆகிவிடும். குழாய் முனைகளை அடுத்த குழாயின் வளைவுக்கேற்ப வாய் வெட்டிச் சுற்றிலும் வெல்டு போடுவது நேரம் தின்னும் வேலை. அவசரத்தில் அங்கேதான் விரிசல் விடும்.

தகட்டு பம்பருக்கு வருவோம். அட்டையை வெட்டி வண்டியில் ஒட்டிப் பார்த்து மாதிரி எடுத்தோம். ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி போதும், நல்ல கத்தி வேண்டும். முடிந்தபின் எல்லாத் துண்டுகளையும் தரையில் பரப்பி அளந்தேன், மொத்தம் 1.4 சதுர மீட்டர். இனி கணக்கு எளிது. மைல்டு ஸ்டீல் (சாதாரண எஃகு) 3 மி.மீ. என்றால் தோல் மட்டும் 33 கிலோ, 4 மி.மீ. என்றால் 44, 5 மி.மீ. என்றால் 55. பிராக்கெட்டும் வின்ச் தொட்டிலும் சேர்ந்து இன்னொரு 20.

மச்சான் 5 மி.மீ. கேட்டார். “ஒரே தடவை போடுறோம், ஸ்ட்ராங்கா போட்ருங்க மச்சான்.”

அவரைத் தாள் எடுக்கச் சொன்னேன். 5 மி.மீ. தோல், பிராக்கெட், கம்பிக் கயிறு சுற்றிய வின்ச் 40 கிலோ, மொத்தம் 115. இந்த எடை முன் ஆக்சிலுக்கு மேலே உட்காரவில்லை, அதற்கும் 90 செ.மீ. முன்னால் தொங்குகிறது. ஹைலக்ஸின் சக்கர இடைவெளி 3,085 மி.மீ. ஏற்றத்துலா மாதிரிதான். முன்னால் தொங்குகிற எடை பின்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கிவிட்டு, அந்தச் சுமையையும் சேர்த்து முன் ஆக்சிலில் இறக்கும். 115 கிலோ அங்கே 148 கிலோவாகிறது. பின் சக்கரத்தில் 33 கிலோ குறைகிறது. கழற்றிய பிளாஸ்டிக் பம்பரின் எடையைக் கழித்தாலும் கிட்டத்தட்ட இரண்டு பெரிய ஆட்களை பானட்டில் உட்காரவைத்து ஓட்டுகிற மாதிரி. ஸ்ப்ரிங் தாழும், முன் டயர் சீக்கிரம் தேயும், சானியின் கல்லில் இறங்கும்போது மூக்கு குத்தும்.

அதுவே 3 மி.மீ. தோல், சிந்தெடிக் கயிறு சுற்றிய வின்ச் 28 கிலோ என்றால் மொத்தம் 81, முன் ஆக்சிலில் 105. வித்தியாசம் 40 கிலோவுக்கும் மேல். தாளைப் பார்த்துக்கொண்டே மச்சான் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “அப்ப 3 மில்லி பசுவைத் தாங்குமா?” என்றார்.

தாங்கும். தட்டையான 5 மி.மீ. தகட்டைவிட இரண்டு மூன்று இடத்தில் மடித்த 3 மி.மீ. தகடு விறைப்பானது. வெறும் காகிதம் தொங்கும், மடித்த காகிதம் நிற்கும். பிரஸ் பிரேக் என்ற தகடு மடிக்கும் இயந்திரத்தில் மடித்தால் அந்த மடிப்பே விலா எலும்பாகிவிடும். வெல்டும் குறையும், கோணலும் குறையும். தனித்தனித் துண்டாக வெட்டி ஒவ்வொரு விளிம்பையும் வெல்டு போட்டு ஒட்டுகிற பட்டறைகள் உண்டு. அவ்வளவு சூடு இறங்கினால் தகடு முறுக்கிக்கொள்ளும். மடிக்க முடிந்ததை மடியுங்கள். வெல்டு போட வேண்டிய இடத்தில் முதலில் எல்லாப் பக்கமும் டேக் (சின்னச் சின்னப் புள்ளி வெல்டு) வைத்து, பிறகு இடமும் வலமும் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள்.

இனி எலும்பு. 9,500 பவுண்டு வின்ச் என்றால் 4,309 கிலோ இழுவை, அதுவும் டிரம்மை ஒட்டிய முதல் அடுக்கில் கயிறு இருக்கும்போது மட்டும். அந்த இழுவை பெரும்பாலும் நேராக வராது. வண்டி சேற்றில் சாய்ந்து கிடக்கும், மரம் பக்கவாட்டில் இருக்கும். பாதிக்கு மேல் சுமை ஒரு பக்க பிராக்கெட்டில் விழும். ஸ்நாட்ச் பிளாக் (கயிற்றைத் திருப்பும் கப்பி) போட்டுக் கயிற்று நுனியைத் திரும்ப நம் வண்டியிலேயே மாட்டினால் வண்டிமேல் வரும் இழுவை கிட்டத்தட்ட இரு மடங்கு. அதனால் பிராக்கெட்டுக்கு 8 மி.மீ. தகடு, சேசிஸின் இரு பக்கமும் பின்னோக்கி நீண்டு, 8.8 தர எம்12 போல்ட்டுகளால் இறுக்கினேன். சேசிஸ் உள்ளே பொள்ளலான பெட்டி. போல்ட்டை இறுக்கினால் பெட்டியே ஒடுங்கும். ஒவ்வொரு துளைக்கு உள்ளேயும் ஒரு சிறு குழாய்த் துண்டு வைத்துத்தான் இறுக்க வேண்டும். சேசிஸில் நேராக வெல்டு போடாதீர்கள். வண்டியில் மாட்டிய நிலையில் டேக் வைக்க நேர்ந்தாலும் முதலில் பேட்டரி வயரைக் கழற்றுங்கள்.

இழுவைக் கொக்கி மாட்டும் காது இன்னும் முக்கியம். 20 மி.மீ. தகடு, 25 மி.மீ. துளை. இழுவைக் கயிறு மாட்டும் 4.75 டன் ஷேக்கிள் வளையத்தின் 22 மி.மீ. பின் அதில் தாராளமாகப் போகும். இந்தக் காதைத் தோலின்மேல் வெல்டு போட்டு ஒட்டவே கூடாது. தோலில் ஒரு வாய் வெட்டி, காதை அதன் வழியே பின்னால் நுழைத்து, பிராக்கெட்டோடு இணைக்க வேண்டும். ரப்பர் மாதிரி நீளும் கயிற்றில் இழுக்கும்போது காது பிய்ந்தால் அந்த இரும்புத் துண்டு குண்டு மாதிரி பறக்கும். ஆள் செத்திருக்கிறார்கள். இந்த ஒரு இடத்தில் நான் யாரோடும் விலை பேசுவதில்லை.

இன்னொரு பாடம் நான் நஷ்டப்பட்டுக் கற்றது. பேக்கியின் பாடி சேசிஸ்மேல் ரப்பர் குஷனில் உட்கார்ந்திருக்கிறது, பம்பரோ சேசிஸோடு நேராக இறுகியிருக்கிறது. மேடுபள்ளத்தில் இரண்டும் தனித்தனியாக அசையும். நான் இங்கே வந்து செய்த முதல் பம்பரில் பார்வைக்கு ஒட்டினாற்போல் இருக்கட்டும் என்று 5 மி.மீ. இடைவெளிதான் விட்டிருந்தேன். சானி வளைவொன்றில் ஒரு சக்கரம் தூக்கியபோது பம்பர் விளிம்பு ஹெட்லைட்டுக்குக் கீழே பென்டரை (முன்சக்கரத்தை மூடும் பாடித் தகட்டை) மடக்கிவிட்டது. பென்டருக்கு என் கைக்காசு போனது. இப்போது 15 முதல் 20 மி.மீ. விடுகிறேன்.

அலுமினியம் பற்றிக் கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். 5083 என்ற அலுமினியக் கலவையின் 5 மி.மீ. தகட்டில் இதே 1.4 சதுர மீட்டர் 19 கிலோதான். ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அலுமினியத்தின் விறைப்பு இரும்பில் மூன்றில் ஒரு பங்கு, அதனால் தடிமன் கூட்டியாக வேண்டும். வெல்டு போட்ட இடத்தைச் சுற்றி உலோகம் மென்மையாகிவிடும்; 5083-இல் சுமார் 215 மெகாபாஸ்கல் தாங்கிய தகடு வெல்டு ஓரத்தில் 125 அளவுக்கு இறங்கும். வடிவமைப்பவர் வெல்டைச் சுமை வராத இடத்தில் வைக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். இரும்பு பிராக்கெட்டும் அலுமினியமும் தொடும் இடத்தில் டர்பனின் உப்புக் காற்று சேர்ந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும், நடுவே நைலான் வாஷர் கட்டாயம். இதெல்லாம் செய்யலாம். ஆனால் பசு மோதி வளைந்தால் கிராமத்துப் பட்டறையில் சுத்தியால் தட்டி நிமிர்த்த முடியாது. மைல்டு ஸ்டீலை க்வாபாகாவிலும் யாராவது நிமிர்த்திக் கொடுப்பார்கள். தூரம் போகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

எனக்கு மனதுக்குப் பிடித்தது வேறொன்று. 3சிஆர்12 என்பது இந்த நாட்டிலேயே, மிடில்பர்க்கில் உருவான எஃகு. 12 சதவீதம் அளவுக்குக் குரோமியம். ஸ்டெயின்லெஸ் குடும்பத்தில் சாதாரண உழைப்பாளி. பளபளப்புக்கு வந்தது இல்லை. நிலக்கரி வேகன், பஸ் பாடி, நம் முன்னோர் கரும்பு வெட்டிய இந்த மாகாணத்தின் சர்க்கரை ஆலைகள் என்று ஈரமும் உரசலும் சேரும் இடங்களில் உழைக்கிறது. எடை கிட்டத்தட்ட மைல்டு ஸ்டீல் மாதிரியே, விலை கூட. மடித்தால் கொஞ்சம் அதிகமாகத் திரும்பி விரியும், அதைக் கணக்கில் வைக்க வேண்டும். வெல்டுக்கு 309எல் கம்பி. பெயின்ட் போடாமல் விட்டால் பழுப்புக் கறை படியும், ஆனால் உள்ளே அரிக்காது. மைல்டு ஸ்டீல் பம்பர் அழிவது எப்போதும் உள்பக்கம்தான். மடிப்புக்குள் சேறு தங்கும், மணல் பீச்சினாலும் பவுடர் கோட்டிங் அடித்தாலும் அந்த மூலைக்குள் சரியாகப் போகாது. கடற்கரையில் ஓடுகிற வண்டிக்கு இந்த வித்தியாசம் சில வருஷத்தில் கண்ணுக்குத் தெரியும்.

பம்பருக்கு மேலே புல்பார் மாதிரி இரும்பு வளையம் வேண்டுமா என்பதில்தான் மச்சானும் நானும் வெகுநேரம் வாதாடினோம். காரூ வறண்ட சமவெளிப் பக்கம் போகிறவர்களுக்குக் குடூ மான் பயம் நியாயமானது. 200 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஆண் மான், காலில் அடிபட்டால் நேராகக் கண்ணாடிக்கு வரும். மச்சான் அங்கே போவதில்லை. அவர் தினமும் ஓட்டுவது சாட்ஸ்வொர்த்துக்கும் பைன்டவுனுக்கும் நடுவே, இருட்டில் சாலையோரம் வேலைக்கு நடந்து போகிறவர்கள் மத்தியில். பம்பரைவிட உயரமான இரும்பு வளையம் நடக்கிற மனிதனின் இடுப்பையோ பிள்ளையின் தலையையோ பிடிக்கும். விறைப்பான புல்பார் பாதசாரிக்கு ஆபத்து என்று ஐரோப்பிய ஒன்றியம் 2005-லேயே தனி விதி போட்டது. வருஷத்துக்கு ஒருமுறை வரும் பயணத்துக்காகத் தினமும் அந்த ஆபத்தைச் சுமக்க வேண்டாம் என்றேன். வளையத்துக்கு ஒத்துக்கொள்ளாத என்மேல் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். கடைசியில் ரேடியேட்டர் உயரத்துக்கு மட்டும், உருண்டை முனையோடு, தாழ்வான ஒரு குழாய் என்று முடிவானது. தகட்டின் வெளி விளிம்புகளையும் கிரைண்டரில் உருட்டிவிடச் சம்மதித்தார்.

சரி, எதைச் செய்கிறோம்? தோல் 3 மி.மீ. 3சிஆர்12. பிராக்கெட்டும் தொட்டிலும் காதும் மைல்டு ஸ்டீல், மணல் பீச்சி, துத்தநாக பிரைமர் அடித்து, தோலோடு போல்ட்டில் சேரும். அடிபட்டால் தோலை மட்டும் மாற்றலாம். இரண்டு உலோகமும் தொடும் இடத்தில் பிரைமரும் ரப்பரும். கீழே ஒவ்வொரு மூலையிலும் 10 மி.மீ. வடிகால் துளை. வின்ச் சிந்தெடிக் கயிறோடு. மரக்கிளைக்கும் கல்லுக்கும் கயிறு உரசாமல் இருக்க உறை ஒன்றும் வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

லேசர் வெட்டு வெள்ளிக்கிழமை வந்தது. சனிக்கிழமை காலை டேக் வைத்து வண்டியில் தூக்கி மாட்டினோம். இடது பக்க இடைவெளி 18 மி.மீ., வலது பக்கம் 13. பசு இடித்ததில் சேசிஸ் நுனியே கொஞ்சம் நகர்ந்திருக்கிறது, அதுவரை எங்கள் இருவர் கண்ணிலும் படவில்லை. பம்பரை இறக்கி வைத்துவிட்டு, வண்டியைச் சேசிஸ் நிமிர்த்துகிற இடத்துக்கு அனுப்பியிருக்கிறோம். அது திரும்பி வந்தபிறகுதான் முழு வெல்டு.