பல் கத்திக்கு வைரக் கம்பி: வாங்கலாமா?

பாளையங்கோட்டையில் எங்கள் தெரு அக்கா ஒருவர், பிரெட் வெட்டும் பல் கத்தியைச் சாணை பிடிக்கக் கொடுத்து, பற்களெல்லாம் வழித்தெடுத்தாற்போல் தேய்ந்து திரும்பி வந்த வருத்தத்தில், நான் வைத்திருக்கும் வைரத்தூள் பூசிய கம்பியை வாங்கலாமா என்று கேட்டார். அதன் விலையும் இப்போது இறங்கியிருக்கிறதாம்.

சாணைக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. சுழலும் கல் நேரான அலகுக்கு ஏற்பட்டது. பனைமட்டைக் கருக்கைப் போல வரிசையாகப் பல் வைத்த அலகை அதில் கொடுத்தால் மேடுகள் தேயுமே தவிர, பள்ளங்களுக்குள் கல் நுழையாது. நுனியை நோக்கிச் சிறுத்துச் செல்லும் இந்தக் கம்பியோ ஒவ்வொரு பள்ளத்திலும் தனித்தனியே அமரும். பெரும்பாலான பல் கத்திகளில் ஒரு பக்கம் மட்டுமே சரிவு இருக்கும் என்பதால், அந்தப் பக்கத்தில், அதே சாய்வில், அழுத்தாமல் சில இழுப்புகள் இழுத்தால், மறுபக்கத்தில் நகத்துக்குத் தட்டுப்படும் அளவுக்கு மெல்லிய பிசிர் எழும். அது எழுந்ததும் அடுத்த பள்ளத்துக்குப் போகலாம். கடைசியில் தட்டையான பக்கத்தை நைசான உப்புத்தாளில் படுக்கவைத்து ஒருமுறை லேசாக இழுத்தால் பிசிர் போய்விடும். எண்ணெய் வேண்டாம்; ஈரத்துணி போதும், அதில் கரும்பொடி படிவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். டிசம்பரில் வீட்டில் செய்யும் கேக்கை மேல்தோல் உதிராமல் என் கத்தி மெல்லிய துண்டுகளாக்குகிறது. கனிந்த தக்காளியும் நசுங்குவதில்லை.

இத்தனைக்கும் பிறகு எனக்கு அந்தக் கம்பியின் மேல் கோபம்தான் மிஞ்சியிருக்கிறது. என் கத்தியின் பற்கள் சிறியவை. அவற்றுக்குள் நுழைவது கம்பியின் நுனி மட்டும்தான். வேலையெல்லாம் அங்கேயே நடந்ததால் அந்த இடத்தில் வைரத்தூள் உதிர்ந்து வெறும் இரும்பு வழுக்குகிறது, மீதி நீளமெல்லாம் வாங்கிய அன்றிருந்தபடியே மின்னுகிறது. விற்றவரிடம் கேட்டால், உத்தரவாதம் பூச்சுக்குப் பொருந்தாது என்றார். பூச்சை விட்டால் அந்தக் கருவியில் வேறு என்ன இருக்கிறது?

இப்போது 600ஆம் எண் நீர் உப்புத்தாளை மெல்லிய மரக்குச்சியில் சுற்றித் தேய்க்கிறேன். தாள் அடிக்கடி கிழிகிறது, நேரமும் கூடுதலாகிறது. ஆனால் கூர் ஏறுகிறது.

அக்காவின் கத்தியை எந்தக் கம்பியாலும் மீட்க முடியாது. கதிரறுக்கும் கருக்கரிவாள் என்றால் கொல்லர் பட்டறையில் புதிதாகக் கருக்கு வைத்துத் தருவார்கள். மெல்லிய எவர்சில்வர் அலகுக்காக அவ்வளவு மெனக்கெடுவதைவிடப் புதுக் கத்தி வாங்குவதே மேல். வாங்கும்போது பள்ளங்கள் அகலமாக உள்ளதைப் பார்த்து வாங்கினால், கம்பியின் நடுப்பகுதியும் உழைக்கும். அப்படியொரு கத்தி அமைந்தால் அவர் தாராளமாகக் கம்பியை வாங்கிக்கொள்ளட்டும். நான் மட்டும், விலை பாதியாகக் குறைந்தாலும், இன்னொன்று வாங்குவதாக இல்லை.