கிழிந்த ஸ்பீக்கர்: விளிம்பு மாற்றுவதா, ரீகோன் செய்வதா, புது டிரைவர் வாங்குவதா?

தாழ்ந்த ஒலிகளைத் தரும் ஸ்பீக்கரான உஃபர், பாஸில் கரகரத்தால் மூன்று வழி உண்டு. அதிரும் கூம்பான கோனைச் சுற்றியுள்ள வளையும் விளிம்பை, அதாவது சரவுண்டை மட்டும் மாற்றலாம். கோன், அதை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில், காயிலை நடுவில் பிடிக்கும் மடிப்பு வளையமான ஸ்பைடர் எல்லாம் புதிதாகப் போட்டு ரீகோன் செய்யலாம். இல்லையென்றால் டிரைவரையே, அதாவது பெட்டியில் பொருத்திய ஸ்பீக்கர் முழுவதையுமே மாற்றலாம். கிழிசலைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். வாய்ஸ் காயிலைச் சோதித்து முடிவெடுங்கள்.

ஒயரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். 8 ஓம் ஸ்பீக்கர் சுமார் 5.5 முதல் 7 வரை, 4 ஓம் ஸ்பீக்கர் 3 முதல் 3.7 வரை காட்டினால் காயில் நன்றாக இருக்கிறது. எதுவும் காட்டாவிட்டால் காயில் எரிந்துவிட்டது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். டெர்மினலிலிருந்து கோனுக்குப் போகும் பின்னல் கம்பி அறுந்திருந்தாலும் இப்படித்தான் இருக்கும். கம்பி கோனில் முடியும் இடத்தில் முனையை வைத்து மறுபடி அளந்தால் தெரிந்துவிடும். கம்பி மட்டும்தான் பிரச்சினை என்றால் சால்டர் போதும். ஆனால் ஈயம் பின்னலுக்குள் ஏறவிடக் கூடாது; அங்கே கம்பி விறைத்து மறுபடி ஒடியும்.

பிறகு கோனின் எதிரெதிர் பக்கங்களில் விரல் வைத்துச் சமமாக அழுத்துங்கள். உரசினால் கோனைச் சற்று இடம் வலம் நகர்த்தி மறுபடி அழுத்துங்கள். ஏதாவது ஒரு நிலையில் உரசல் நின்றால், மட்கிய சரவுண்ட் கோனை நடுவில் பிடிக்கவில்லை என்று பொருள். எந்த நிலையிலும் நிற்காவிட்டால் காயில் சூட்டில் உப்பியிருக்கலாம், காந்தம் நகர்ந்திருக்கலாம்.

காயில் நன்றாக இருந்தால் சரவுண்ட் மாற்றுவதே சிறந்த வழி. அந்த ஸ்பீக்கரின் குரல் அதன் கோனிலும் காயிலிலும்தான் இருக்கிறது. இரண்டும் அப்படியே மிஞ்சும். நுரை சரவுண்ட் ஈரக்காற்றில் தானாகவே மட்கும், ரப்பர் பல மடங்கு உழைக்கும். இருந்தும் நுரைக்கென்று வடிவமைத்த டிரைவருக்கு நுரையே பொருத்தம். ரப்பரின் கூடுதல் எடை சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கும், பாஸின் தன்மையையும் மாற்றும். 8 இன்ச் என்று மட்டும் சொல்லி வாங்கினால் பெரும்பாலும் பொருந்தாது. கோனின் வெளிவிட்டம், வளைவின் உள்விட்டம், வெளிவிட்டம், பிரேமில் ஒட்டும் இடத்தின் விட்டம் ஆகிய நான்கையும் மில்லிமீட்டரில் அளந்து வாங்குங்கள்.

கோனை நடுப்படுத்த இரண்டு முறைகள். ஒன்று, கோனின் நடுவிலுள்ள மூடியான டஸ்ட் கேப்பை பிளேடால் அறுத்து, காயிலுக்கும் நடுக்காந்தத் தண்டுக்கும் இடையே பிளாஸ்டிக் ஃபிலிம் துண்டுகளை நான்கு பக்கமும் இறுக்கமாகச் செருகுவது. இது துல்லியமானது. ஆனால் ஆழமாக அறுத்தால் காயில் கம்பி வெட்டுப்படலாம், திறந்த இடைவெளியில் இரும்புத்தூளும் விழலாம். மற்றொன்று, சரவுண்டின் உள்விளிம்பைக் கோனில் ஒட்டிக் காயவிட்டு, வெளிவிளிம்பைப் பிரேமில் ஒட்டும்போது 30 ஹெர்ட்ஸ் ஒலியைக் குறைந்த அளவில் ஓடவிட்டு, உரசல் மறையும் வரை கோனை நகர்த்துவது. டஸ்ட் கேப்பைத் தொடவே வேண்டாம். நகர்த்த நேரம் தரும் வெள்ளைப் பசையோடு மட்டுமே இது சரிவரும். காகிதக் கோனும் நுரையும் என்றால் இந்த முறையே நல்லது.

பாலிபுரொப்பிலீன் கோனில் வெள்ளைப் பசை உரிந்துவிடும். அதற்கான பிரைமரும் ரப்பர் பசையும் வேண்டும். ரப்பர் பசை தொட்டவுடன் பிடிப்பதால் அங்கே ஃபிலிம் முறைதான். சூப்பர் குளூ எங்குமே வேண்டாம், காய்ந்தால் நொறுங்கும்.

ரீகோன் காயில் எரிந்தவர்களுக்கு. அந்த டிரைவருக்கென்றே செய்த கிட் கிடைத்தால் மட்டும் இறங்குங்கள். பொதுவான கிட் போட்டால் பழைய காந்தத்தில் வேறொரு ஸ்பீக்கர்தான் கிடைக்கும். காந்த இடைவெளியில் மடித்த டேப்பை விட்டு எல்லாத் துகளையும் எடுங்கள். காயில் சுற்று காந்தத்தின் மேல்தகட்டுக்கு மேலும் கீழும் சம அளவு நீளும்படி உயரத்தைச் சரிபாருங்கள். இந்த உயரம் பிசகினால் பலத்த சத்தத்தில் ஒலி சிதைந்து கேட்கும்.

புது டிரைவர் வேலையில் சுலபம், தேர்வில் கடினம். திருகுத் துளைகள் பொருந்தினால் போதாது. டிரைவரின் விவரத்தாளில் உள்ள Fs (இயல்பு அதிர்வெண்), Qts (அதிர்வு எவ்வளவு அடங்குகிறது என்ற அளவு), Vas (தொங்கலின் மென்மையைக் காற்றின் கனஅளவாகச் சொல்வது) மூன்றும் பழையதற்கு நெருக்கமாக இல்லாவிட்டால் அந்தப் பெட்டியில் பாஸ் உப்பும் அல்லது வற்றும். 8 ஓமுக்குப் பதில் 4 ஓம் போட்டால் பாஸையும் உயர்ந்த ஒலியையும் தனித்தனி ஸ்பீக்கருக்குப் பிரித்தனுப்பும் கிராஸ்ஓவரின் பிரிப்பு அதிர்வெண் இடம்பெயரும், ஆம்ப்ளிஃபயரும் சூடேறும். சென்சிட்டிவிட்டி (ஒரே வாட்டுக்கு எவ்வளவு சத்தம் வரும் என்ற அளவு) 3 டெசிபெல் குறைந்தால் அதே சத்தத்துக்கு இரட்டிப்பு வாட் தேவை. ஸ்டீரியோ ஜோடியில் ஒன்றை மட்டும் மாற்றினால் அந்த வித்தியாசம் காதிலேயே தெரியும், ஆகவே இரண்டையும் சேர்த்து மாற்றுவதாகக் கணக்குப் போடுங்கள்.