எப்பிபென் ஜூனியர்: பூட்டி வைக்கும் மருந்து அல்ல

சிங்கப்பூரில், பள்ளி முடிந்து வரும் தொடக்கநிலைப் பிள்ளைகளை மாலைவரை பார்த்துக்கொள்ளும் மாணவர் பராமரிப்பு நிலையத்தில் வேலை செய்கிறேன். கடுமையான ஒவ்வாமை உள்ள பிள்ளை சேர்ந்தால், பெற்றோர் எங்களிடம் கொடுத்துவிட்டுப் போவது பெரும்பாலும் எப்பிபென் ஜூனியர்தான், அதாவது ஆபத்து நேரத்தில் தொடையில் அழுத்திப் போடும், பேனா வடிவ ஊசிமருந்து. சொந்தப் பிள்ளைக்காக வீட்டில் வைத்திருப்பது ஒன்று, அடுத்தவர் பிள்ளைக்காக எந்நேரமும் கையெட்டும் தூரத்தில் வைத்திருப்பது வேறு. இது இரண்டாவது வகை அனுபவம்.

உள்ளே இருப்பது அட்ரினலின். பச்சை லேபிள் ஜூனியரில் 0.15 மில்லிகிராம், மஞ்சள் லேபிள் எப்பிபென்னில் 0.3. வழக்கமாக 15 கிலோவிலிருந்து 30 கிலோவரை ஜூனியர், அதற்கு மேல் மஞ்சள். எப்போது மாற்றுவது என்பதை டாக்டர் சொல்வார். தொடக்கநிலை மூன்று, நான்கு படிக்கும் பிள்ளைகள் மளமளவென்று வளர்ந்துவிடுகிறார்கள். அதனால் ஒவ்வொரு பள்ளித் தவணை தொடங்கும்போதும் அம்மா அப்பாவிடம் எடையைக் கேட்டுவிடுவேன்.

வடிவமைப்புக்கு முழு மதிப்பெண். நீல மூடியை நேராக மேலே இழுத்து எடுக்க வேண்டும், ஆரஞ்சு நுனியைத் தொடையின் வெளிப்பக்கத்தில் ‘டிக்’ என்று கேட்கும்வரை அழுத்தி 3 விநாடி பிடிக்க வேண்டும். பழைய தாள்களில் 10 விநாடி என்று இருக்கும், அது மாறிவிட்டது. கால்சட்டையைக் கழற்றத் தேவையில்லை, துணிமேலேயே போடலாம். எடுத்ததும் ஆரஞ்சு உறை நீண்டு ஊசியை மூடிக்கொள்ளும். உள்ளே பாதிக்கு மேல் மருந்து மிச்சமிருக்கும். அது அப்படித்தான், ஊசி சரியாக இறங்கவில்லை என்று அர்த்தமில்லை, அதை மறுபடி பயன்படுத்தவும் முடியாது. ஒரே எச்சரிக்கை: எந்த முனையிலும் கட்டைவிரலை வைக்கக் கூடாது. பதற்றத்தில் தலைகீழாகப் பிடித்துத் தன் விரலிலேயே குத்திக்கொண்டவர்கள் உலகம் முழுக்க உண்டு.

கூடவே ஊசியும் மருந்தும் இல்லாத பயிற்சிப் பேனா ஒன்றைக் கேட்டு வாங்கிவிடுங்கள். அதில் திரும்பத் திரும்பப் பழகலாம். எவ்வளவு பலமாக அழுத்த வேண்டும் என்பது படம் பார்த்துத் தெரியாது, கைக்குத்தான் தெரியும். எங்கள் நிலையத்தில் புதிதாகச் சேரும் ஒவ்வொருவர் கையிலும் அதைக் கொடுத்துவிடுவேன், சமையலுக்கு வரும் அக்கா உட்பட.

நிஜப் பேனாவை ஒருமுறை போட்டிருக்கிறேன். முந்திரி ஒத்துக்கொள்ளாத பையன். பிறந்தநாள் என்று கூட்டாளி பையிலிருந்து நீட்டிய பிஸ்கட்டைத் தின்றுவிட்டான். முதலில் இருமல், பிறகு கழுத்தில் தடிப்பு. “ஆண்ட்டி, தொண்டையில என்னமோ மாட்டியிருக்கு” என்று அவன் சொன்னபோது குரலே கரகரத்துப் போயிருந்தது. அலர்ஜி மாத்திரை கொடுத்துப் பார்ப்போமா என்று ஒருவர் கேட்டார். மாத்திரை அரிப்பைக் குறைக்கும், அடைபடும் மூச்சுக்குழாயைத் திறக்காது. மூச்சிலும் குரலிலும் மாற்றம் தெரிந்தால் முதலில் அட்ரினலின்தான் என்று அவனுடைய டாக்டர் எழுதித் தந்த திட்டத்தில் தெளிவாக இருந்தது. உடன் வேலை பார்க்கும் மலாய்க்காரச் சகோதரி அவன் காலை அசையாமல் பிடித்துக்கொண்டார், சீருடைக் கால்சட்டையின் மேலேயே போட்டேன். இன்னொருவர் ஆம்புலன்ஸுக்கு 995 அழைத்தார். அவனுக்குக் கழிவறை போக வேண்டுமாம். எழுந்திருக்க விடவில்லை. அந்த நேரத்தில் எழுந்து நடந்தால் ரத்த அழுத்தம் சட்டென்று விழுந்துவிடும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்துக் காலை நீட்டி உட்காரவைத்தோம். ஆம்புலன்ஸ் வருவதற்குள் குரல் தெளிந்துவிட்டது. தெளிந்தாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும், மணிக்கணக்கு கழித்து ஒவ்வாமை மறுபடி கிளம்பலாம்.

பேனா பிள்ளைகள் இருக்கும் அறையிலேயே, கதவருகே, பூட்டில்லாத பையில் தொங்கியது. அதனால்தான் இவ்வளவு சீக்கிரம் எடுக்க முடிந்தது. முன்பு நான் வேலை செய்த ஓரிடத்தில் அதை மேலாளர் அறை இழுப்பறையில் பூட்டி வைத்திருந்தார்கள். சாவி அவர் கைப்பையில், அவர் மதியச் சாப்பாட்டுக்கு வெளியே போய்விடுவார். எத்தனையோ முறை சொல்லியும் கேட்கவில்லை. நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

குறை என்றால், முதலில் வெப்பம். 20 முதல் 25 டிகிரியில் வைக்கச் சொல்கிறார்கள், சற்று நேரத்துக்கு 30வரை தாங்கும். நம் ஊர் மதிய வெயில் அதைத் தாண்டும். திடலோரம் வைத்த பள்ளிப்பையும் வெயிலில் நிற்கும் காரும் கூடவே கூடாது, ஃபிரிட்ஜிலும் வைக்கக் கூடாது. வெப்பம் தடுக்கும் சிறு பை வாங்கிவிடுங்கள். மாதம் ஒருமுறை பேனாவின் சின்ன ஜன்னல் வழியே பாருங்கள். மருந்து தண்ணீர்போலத் தெளிவாக இருக்க வேண்டும், பழுப்பேறினால் மாற்றிவிடுங்கள்.

அதைவிடப் பெரிய குறை எண்ணிக்கை. முதல் ஊசிக்குப் பிறகு ஐந்து நிமிடத்திலும் சரியாகவில்லை என்றால் இரண்டாவது போட வேண்டிவரும். அதனால் இரண்டு பேனா சேர்ந்தே இருக்க வேண்டும். நடப்பில் பெற்றோர் வாங்கும் இரண்டில் ஒன்று பள்ளிக்கு, ஒன்று எங்களுக்கு என்று பிரிந்துவிடுகிறது. பள்ளி, பராமரிப்பு நிலையம், வீடு எல்லாவற்றுக்கும் இரண்டிரண்டு வாங்கு என்றால் எந்தக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும்?

பேனாவைக் குறை சொல்லித் தீராத சிக்கல் இது. பிரிட்டனில் 2017 அக்டோபரிலிருந்து பள்ளிகளே மருந்துச்சீட்டு இல்லாமல் கூடுதல் பேனா வாங்கி வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் 2013ல் வந்த சட்டம், பள்ளிகளில் பொதுவான அட்ரினலின் வைக்கும் மாநிலங்களுக்கு ஊக்கம் கொடுத்தது. முதல்முதலாக ஒவ்வாமை வருவதே பள்ளியில்தான் என்ற பிள்ளைகளும் உண்டு, அவர்கள் பெயரில் பேனாவே இருக்காது. இன நல்லிணக்க நாளுக்கும் தீபாவளிக்கும் தட்டு தட்டாகப் பலகாரம் பகிர்ந்து தின்னும் ஊர் நம் ஊர். முந்திரிக் கேக், நிலக்கடலை அரைத்துச் சேர்த்த சத்தே குழம்பு, செக்குக் கடலை எண்ணெயில் பொரித்த முறுக்கு எல்லாம் வரும். பள்ளியும் பராமரிப்பு நிலையமும் ஆளுக்கொரு ஜோடி சொந்தமாக வைத்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள், எழுத்திலும் கொடுங்கள்.

வாங்குபவர்களுக்கு: கவுண்டரை விட்டு நகருமுன் காலாவதித் தேதியைப் பாருங்கள். ஓராண்டுகூட இல்லையென்றால் நீண்ட தேதியுள்ளது இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். அந்தத் தேதியைப் பேனா வைத்திருக்கும் ஆசிரியருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.