பீப்பாய் ஸ்டவுட்டா, புளிப்பு பியரா: கும்பகோணத்துக் கோடையைத் தாங்கியது எது

போன பொங்கலுக்கு மச்சான் சிகாகோவிலிருந்து வந்தபோது பெட்டியில் ஸ்டவுட் என்கிற கறுப்பு பியர் நாலு பாட்டில் இருந்தது, எல்லாம் போர்பன் விஸ்கி பீப்பாயில் ஊறியவை. நான் அதற்கு மூன்று வாரம் முன்னால்தான் பிரஸ்ஸல்ஸில் ஆறு மாத வேலையை முடித்துக்கொண்டு கும்பகோணம் திரும்பியிருந்தேன், என்னிடம் கூஸா என்கிற பெல்ஜியப் புளிப்பு பியர் அஞ்சு சின்ன பாட்டில். விமான நிலையத்தில் ஒருவருக்கு 2 லிட்டர்தான் வரியில்லாமல் விடுவார்கள். அவனுடைய 500 மில்லி பாட்டில் நாலும் சரியாக அந்த 2 லிட்டர், என்னுடைய 375 மில்லி அஞ்சும் 1.875. இப்படி மில்லி கணக்குப் பார்த்துக் கொண்டுவந்த சரக்கை உடனே குடித்துத் தீர்க்க இருவருக்குமே மனசில்லை.

அன்று ராத்திரி மொட்டை மாடியில் ஸ்டவுட் இரண்டும் கூஸா ஒன்றும் திறந்தோம். "அத்தான், இது முன்னாடி உங்க புளிச்ச தண்ணி நிக்குமா?" என்றான். அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் புதிதாக, குளிரக் குளிரக் குடிக்கும்போது இரண்டுமே அருமையாகத்தான் இருந்தன. சரி, ஒரு வருடம் வைத்துப் பார்ப்போம் என்று முடிவு செய்தோம். ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் ஆளுக்கு ஒரு பாட்டில். பத்தாயம் இருக்கும் பின்கட்டு அறையில் அவனுடைய ஒன்று, என்னுடைய மூன்று. வீட்டிலேயே குளிர்ச்சியான, வெளிச்சம் படாத அறை அதுதான், ஆனாலும் மே மாதம் மதியத்தில் அங்கே தொங்கும் வெப்பமானி 34 காட்டியது.

இரண்டும் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கச் சட்டப்படி போர்பன் விஸ்கியை உள்ளே கரித்த புது ஓக் பீப்பாயில்தான் ஊறவைக்க வேண்டும், அதனால் ஒரு தடவை பயன்படுத்திய பீப்பாய்கள் நிறைய வெளியே வரும். அதில் கெட்டியான கறுப்பு ஸ்டவுட்டை ஊற்றி மாதக்கணக்கில் வைப்பார்கள். சிகாகோவின் கூஸ் ஐலண்ட் 1990களில் இதைச் செய்து பிரபலமாக்கியது. 13, 14 சதவீதம் ஆல்கஹால், வெல்லப்பாகு, காபி, அப்புறம் அமெரிக்க ஓக் தரும் தேங்காய் வாசம். நம் ஊர்க்காரர்களுக்கு முதல் மடக்கிலேயே பிடித்துப்போகும்.

கூஸாவுக்கு அப்படி இல்லை, கொஞ்சம் பழக வேண்டும். பிரஸ்ஸல்ஸையும் அதன் மேற்கே உள்ள கிராமங்களையும் சுற்றிக் காய்ச்சப்படும் லாம்பிக் என்கிற பியரிலிருந்து வருவது இது. ஆண்டர்லெக்ட்டில் 1900 முதல் இருக்கும் கான்தியோன் ஆலைக்கு இரண்டு தடவை போயிருக்கிறேன். கொதித்த தானியச் சாற்றை மாடியில் உள்ள அகலமான, ஆழமில்லாத செம்புத் தொட்டியில் ஊற்றி ராத்திரி முழுக்கத் திறந்து வைக்கிறார்கள், காற்றிலும் மரத்திலும் இருக்கிற ஈஸ்ட்டும் பாக்டீரியாவும்தான் அதைப் புளிக்கவைக்கின்றன. கலயத்தில் இறங்கும் கள் தானாகப் பொங்குவதும் இதே வேலைதான். கள் ஒரே நாளில் புளித்துப்போகும், லாம்பிக் மூன்று வருடம் வரை பீப்பாயில் கிடக்கும். ஒரு வயது, இரண்டு வயது, மூன்று வயது லாம்பிக்கைக் கலந்து பாட்டிலில் மறுபடி நொதிக்கவிட்டால் கூஸா. ஆல்கஹால் 5, 6 சதவீதம்தான். இதற்குக் குளிர் ராத்திரி வேண்டும் என்பதால் அக்டோபர் முதல் ஏப்ரல் வரைதான் காய்ச்சுவார்கள். மார்கழியிலும் போர்வை தேவைப்படாத நம் டெல்டாவில் இதற்கு வழியே கிடையாது, வீட்டில் காய்ச்ச இங்கே சட்டமும் இடம் தராது.

ருசியைப் பற்றி அதிகம் வாதாட மாட்டேன். பழைய சோற்று நீராகாரமும் உப்புப் போட்ட நீர்மோரும் குடித்து வளர்ந்த நாக்குக்குப் புளிப்பு அந்நியம் இல்லை, நெத்திலி வறுவலோடும் இறால் வறுவலோடும் கூஸா சேருவதுபோல ஸ்டவுட் சேராது. ஜெர்மனியின் கோஸா என்கிற இன்னொரு புளிப்பு பியரில் உப்பும் மல்லி விதையும் போடுகிறார்கள், அது கிட்டத்தட்ட மோர்தான். திருவையாறு அசோகாவோடு ஸ்டவுட் நன்றாக இருக்கும் என்று மச்சான் சொல்கிறான், எனக்கு அது இனிப்பின் மேல் இனிப்பு. அளவு என்று பார்த்தால் 14 சதவீத ஸ்டவுட் அரை லிட்டரில் 70 மில்லி சுத்த ஆல்கஹால், என் சின்ன பாட்டில் கூஸாவில் சுமார் 20. சித்திரை வெயிலில் எதைத் திறந்து முழுசாகக் குடிக்க முடியும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

எனக்கு முடிவைத் தந்தது நாள்பட வைத்திருக்கும் சங்கதிதான். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இந்த பியர்களை நிலவறையில் 12, 13 டிகிரியில் வைத்து வருடக்கணக்கில் பாதுகாக்கிறார்கள். நமக்கு நிலவறை ஏது? மழைக்காலத்தில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும் ஊர். ஃப்ரிட்ஜ் என்றால் மாவும் பாலும் மீனும் போக மிச்சம் இருக்கிற மூலைதான், அதிலும் ஐப்பசி மழையில் கரண்ட் போனால் எப்போது வரும் என்று தெரியாது. பத்து டிகிரி கூடினால் கெட்டுப்போகிற வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது பொதுவான கணக்கு. 13 டிகிரி நிலவறைக்கும் கோடையில் 33 டிகிரியைத் தொடும் பத்தாய அறைக்கும் நடுவில் நாலு மடங்கு, அதாவது இங்கே ஒரு கோடை மாதம் அங்கே நாலு மாதம்.

இந்தப் பொங்கலுக்கு மச்சான் மறுபடி வந்தான், திறந்தோம். ஃப்ரிட்ஜில் இருந்த ஸ்டவுட் போன வருடம் இருந்த மாதிரியே, சொல்லப்போனால் காரம் கொஞ்சம் அடங்கி நன்றாகவே இருந்தது. பத்தாய அறையில் இருந்தது வேறு சரக்கு. மூடியைத் திறந்ததுமே சோயா சாஸ் வாசம். நனைந்த அட்டைப்பெட்டி போல ஒரு ருசி, தேங்காய் வாசம் சுத்தமாகக் காணோம், இனிப்பு மட்டும் நாக்கில் ஒட்டிக்கொண்டு நின்றது. அவன் இரண்டு மடக்கு குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தான், எனக்கே கஷ்டமாக இருந்தது.

ஃப்ரிட்ஜ் கூஸாவில் மாற்றமே இல்லை. அறையில் இருந்த மூன்றில் இரண்டைத் திறந்தோம். முதலாவது கார்க்கைத் தொட்டதும் பொங்கி மூன்றில் ஒரு பங்கு தரையில் போனது. மிச்சம் இருந்தது அபாரம். எலுமிச்சை வாசம் குறைந்து தோல், வைக்கோல், கொட்டை மாதிரி வாசங்கள் ஏறியிருந்தன, புளிப்பும் கூர்மையாகியிருந்தது. இரண்டாவதில் வினிகர் நெடி லேசாக எட்டிப் பார்த்தது, அதையும் நாங்கள் குடித்து முடித்தோம்.

எனக்குப் புரிந்த காரணம் இது. கூஸாவில் ப்ரெட்டனோமைசிஸ் என்கிற காட்டு ஈஸ்ட் பாட்டிலுக்குள்ளேயே உயிரோடு இருக்கிறது, உள்ளே கசியும் ஆக்சிஜனை அது தின்றுவிடுகிறது. புளிப்பே அதிகம் என்பதால் வேறு கிருமி எதுவும் புதிதாக வந்து புளிக்கவைக்க வழியில்லை. ஸ்டவுட்டுக்கு அந்தக் காவல் கிடையாது. 2015இல் கூஸ் ஐலண்டின் பீப்பாய் பியர்கள் சிலவற்றில் லாக்டோபசில்லஸ் என்கிற பாக்டீரியா வகை ஒன்று புகுந்து புளிப்பாக்கிவிட, பணத்தைத் திருப்பித் தந்தார்கள், அடுத்த வருடத்திலிருந்து நொடி நேரம் சூடாக்கிக் கிருமி நீக்கிய பிறகே பாட்டிலில் அடைத்தார்கள். ஸ்டவுட்டைக் கெடுக்கிற அந்தப் பாக்டீரியாவின் சொந்தக்காரக் கூட்டம்தான் லாம்பிக்குக்குப் புளிப்பைத் தருகிறது.

இதைப் படித்துவிட்டு யாரும் கூஸாவைக் கார் டிக்கியிலோ ஓட்டு வீட்டுப் பரணிலோ வைத்துவிடாதீர்கள். 2009இல் பெல்ஜியத்தின் பியர்செல் ஊரில் ட்ரீ ஃபோன்டெய்னன் என்கிற லாம்பிக் ஆலையின் கிடங்கில் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி பழுதாகி அறை 60 டிகிரி வரை போனது, ஆயிரக்கணக்கான பாட்டில்கள் வெடித்தன, மிஞ்சியதும் பியராகத் தேறவில்லை, அதை வடித்துச் சாராயமாக்கி விற்றுத்தான் ஆலை நஷ்டத்தை ஓரளவு ஈடுகட்டியது. 34 டிகிரிக்கு என் பாட்டில் பொங்கியதே எச்சரிக்கைதான்.

நம் ஊர்க் கோடையைத் தாங்கியது கூஸாதான். ஒரு ஸ்டவுட்டையும் இரண்டு கூஸாவையும் வைத்து நான் சொல்லும் தீர்ப்பு இது, வேறு ஆலை ஸ்டவுட் இதைவிட நன்றாகத் தாங்கலாம். ஃப்ரிட்ஜில் நிரந்தரமாக இடம் இருக்கிறவர்கள் மச்சான் பக்கம் போனாலும் தப்பில்லை. பழம் போட்ட லாம்பிக்கை நான் வைத்துப் பார்த்ததில்லை, பழ வாசம் சீக்கிரம் போய்விடும் என்பதால் அதை வாங்கினால் உடனே குடிப்பேன். பெங்களூரு பப்களில் கோகமும் மாம்பழமும் போட்டுத் தரும் புளிப்பு பியர் வேறு ரகம், இரண்டே நாளில் புளிக்கவைத்துக் கொதிக்கவிட்டுச் செய்வது, அங்கேயே குடித்துவிட வேண்டியதுதான்.

மூன்றாவது பாட்டில் இன்னும் பத்தாய அறையில்தான் இருக்கிறது. கார்க் மேல் கம்பியை இறுக்கி, வெடித்தாலும் கண்ணாடி சிதறாதபடி மூடியுள்ள பிளாஸ்டிக் வாளிக்குள் நிமிர்த்தி வைத்திருக்கிறேன், இன்னொரு கோடை தாண்டட்டும்.